இரண்டா, இருபத்துமூன்றா? முழு எண் கலைக்களஞ்சியத்தோடு ஒரு தடைக்காலம்

நூறு சோழி போட்ட பையை நான் வாங்குவதில்லை. நூற்றிருபதாகக் கட்டித் தரச் சொல்வேன். தர மறுத்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து அவிழ்த்துக் கொட்டி, நூற்றிருபது நூற்றிருபதாக நானே எண்ணிக் கட்டிவைப்பேன். பாம்பனில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாகச் சோழி மாலையும் சிப்பித் தோரணமும் கோத்து ராமேஸ்வரத்துக் கடைகளுக்குக் கொடுத்துவருகிறேன். ஒரு தோரணத்துக்கு எத்தனை சரம் என்பது என் கையில் இல்லை, வாங்குகிறவர் வீட்டு வாசலின் அகலத்தில் இருக்கிறது. ஒருவர் மூன்று சரம் என்பார், அடுத்தவர் எட்டு என்பார். நூறை மூன்றாகப் பிரித்தால் ஒரு சோழி மிஞ்சும். ஆறாகப் பிரித்தாலும் எட்டாகப் பிரித்தாலும் நான்கு மிஞ்சும். நூற்றிருபதை இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று எப்படிப் பிரித்தாலும் பாயில் ஒன்றுகூட மிஞ்சாது.

இந்தக் கணக்கைத் துரத்திக்கொண்டு போன இடத்தில்தான் எனக்கு ஓஇஐஎஸ் அறிமுகமானது. ‘முழு எண் தொடர்வரிசைகளின் இணையக் கலைக்களஞ்சியம்’ என்று தமிழில் சொல்லலாம். கட்டணம் இல்லை. தேடிப் பார்க்கக் கணக்குத் தொடங்கவும் வேண்டியதில்லை. போன வருடத்துத் தடைக்காலம் முழுவதும், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடந்த 61 நாளும், அதைப் பயன்படுத்தினேன். இன்றும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் திறக்கிறேன். நகைக்கடை, துணிக்கடை பற்றியெல்லாம் எத்தனையோ பேர் எழுதுகிறார்கள், இதைப் பற்றித் தமிழில் ஒருவராவது விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் என் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தெந்த எண்ணுக்கு எத்தனை வகுத்திகள் என்று நான் எழுதிவைக்கத் தொடங்கியது ஒரு நஷ்டத்துக்குப் பிறகு. வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் நூறு நூறாகக் கட்டிய நாற்பது பைகளை அனுப்பிவிட்டுத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றார். அந்தப் பருவம் முழுவதும் மிச்சச் சோழிகளைப் பொறுக்கிக் கோத்தே எனக்குக் கண் பூத்துப்போனது. அதன் பிறகு, தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் உடைய எண் எது எது என்று தேடினேன். 12க்கு ஆறு வகுத்திகள். 24க்கு எட்டு. 36க்கு ஒன்பது. 48க்குப் பத்து. 60க்குப் பன்னிரண்டு. அதன் பிறகு 120 வரும்வரை பன்னிரண்டைத் தாண்டுகிற எண்ணே கிடையாது, 120க்குப் பதினாறு. நோட்டில் ஒரு பக்கம் முழுக்க 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று எழுதிவைத்திருந்தேன். ராமநாதபுரத்தில் கல்லூரியில் கணிதம் படிக்கும் என் மகள் அதைப் பார்த்தாள்.

“அம்மா, உன் நோட்டில் இருப்பதை இதில் போட்டுப் பார்” என்று போனை நீட்டினாள்.

பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு தேடல் பெட்டி. எண்களை இடையில் காற்புள்ளி வைத்துத் தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவுதான். தொடக்கத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்றில்லை; நடுவிலிருந்து ஆறேழு எண்களை எடுத்துப் போட்டாலும் எந்த வரிசையில் அவை அடுத்தடுத்து வருகின்றன என்று தேடிக் கொடுத்துவிடும். நான் 24, 36, 48, 60, 120, 180 என்று போட்டேன். ஏ002182 என்ற எண்ணோடு ஒரு பக்கம் திறந்தது. உயர் பகு எண்கள். நான் திண்ணையில் உட்கார்ந்து எழுதிய அதே வரிசை. அதன் கீழே நான் பார்த்த முதல் பெயர் ராமானுஜன்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த மனிதர், 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இந்த எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். உயர் பகு எண் என்ற பெயரே அந்தக் கட்டுரையில் அவர் வைத்தது. அந்த ஆராய்ச்சிக்காகத்தான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. எங்கள் ஊருக்கும் அந்தக் காலத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது 1914 பிப்ரவரி 24. சரியாக மூன்று வாரம் கழித்து, மார்ச் 17 அன்று, ராமானுஜன் சென்னையில் கப்பலேறினார். அந்தப் பழைய பாலத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். அந்த இரண்டு தேதிகளையும் நோட்டில் அடுத்தடுத்து எழுதிவைத்திருக்கிறேன்.

சேவையைப் பற்றிச் சொல்லும்போது அதை உண்டாக்கியவரைச் சொல்லாமல் விடக் கூடாது. நீல் ஸ்லோன் என்பவர் 1964இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, தன் வேலையில் வந்த 0, 1, 8, 78, 944 என்ற வரிசையை ஏற்கெனவே யாராவது கண்டிருக்கிறார்களா என்று தேடினார். தேடுவதற்கு ஓர் இடமே இல்லை. அதனால் கிடைத்த வரிசைகளையெல்லாம் அட்டைகளில் எழுதிச் சேர்க்கத் தொடங்கினார். 1973இல் அது 2,372 வரிசைகளோடு புத்தகமாக வந்தது. 1995இல் சைமன் ப்ளூஃப் என்பவரோடு சேர்ந்து ஐயாயிரத்துச் சொச்சம் வரிசைகளோடு இரண்டாவது புத்தகம். 1996இல் இணையத்துக்கு வந்தது. 2009இல் அதைப் பராமரிக்க ஓர் அறக்கட்டளை அமைந்தது. இன்று 3,70,000க்கும் மேற்பட்ட வரிசைகள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொண்டு புதிய வரிசையை அனுப்பலாம். தொகுப்பாளர்கள் சரிபார்த்த பிறகே வெளியாகும். ஒரு மாணவர் தனக்காக எழுதிய அட்டைகள் பாம்பனில் சோழி கோக்கிறவள் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன.

ராமானுஜனின் கட்டுரையில் உயர் பகு எண்களின் அட்டவணை ஒன்று உண்டு. அதில் 102 எண்கள், கடைசி எண் 6,74,632 கோடிக்கு மேல். கணிப்பொறி கிடையாது, கையால் போட்ட கணக்கு. அதில் ஒரே ஓர் எண் விடுபட்டுப்போனது: 293318625600. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடுபட்ட எண்ணை நானே ஒரு முறை பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். தடைக்காலம் என்பதால் வீட்டில் இருந்தார். அவர் போனைப் பார்த்து எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் வகுத்துக்கொண்டே வந்தேன். இரண்டால் ஆறு முறை வகுபட்டது. மூன்றால் நான்கு முறை. ஐந்தால் இரண்டு முறை, ஏழால் இரண்டு முறை. அதன் பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒரு முறை. முடிந்தது, மிச்சம் ஒன்று.

“இதற்கு எத்தனை வகுத்திகள் என்று எப்படி எண்ணுவாய்? விடிந்துவிடுமே” என்றார் அவர்.

எண்ண வேண்டியதில்லை. 12ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு 2, ஒரு 3. ஒரு வகுத்தியை உண்டாக்க வேண்டுமென்றால் 2ஐ எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டும் எடுக்கலாம்: மூன்று வழி. 3ஐ விடலாம், எடுக்கலாம்: இரண்டு வழி. மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு. அவ்வளவுதான் வித்தை. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். விடுபட்ட எண்ணுக்கு 7 × 5 × 3 × 3, பிறகு நான்கு முறை 2. பெருக்கினேன். 5040.

என் வீட்டுக்காரருக்கு அது ஒரு விடை. எனக்கு அப்படி இல்லை. 5040 என்பதே உயர் பகு எண்தான். அதே ராமானுஜன் அட்டவணையில் முன்பக்கம் நிற்கிற எண். அதற்கு வகுத்திகள் 60. அந்த 60ம் உயர் பகு எண். அந்த 60க்கு 12, அந்த 12க்கு 6, அந்த 6க்கு 4. கிணற்றுப் படிக்கட்டில் இறங்குவதுபோல் கண் முன்னால் இறங்கிப் போயிற்று. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபோது மணி இரண்டு. வெளியே கச்சான் காற்று ஓலையை அடித்துக்கொண்டிருந்தது.

மாலைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தங்களும் ஆடிவிட்டு வரும் யாத்திரிகர்கள் 108 மணி உள்ள மாலைதான் கேட்பார்கள். 108ஐ நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். மாலைக்கு அந்த எண்தான், அதை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் உயர் பகு எண் எப்படி இருக்கும், எப்படி இருக்காது என்பதை எனக்குப் புரியவைத்ததும் அந்த எண்தான். 108 என்பது இரண்டு 2, மூன்று 3. வகுத்திகள் 3 × 4, பன்னிரண்டு. இப்போது அடுக்குகளை இடம் மாற்றுங்கள்: மூன்று 2, இரண்டு 3. அது 72. வகுத்திகள் அதே பன்னிரண்டு, எண் மட்டும் சிறிதாகிவிட்டது. ஆகவே பெரிய பகா எண்ணுக்குச் சிறிய பகா எண்ணைவிட அதிக அடுக்குக் கொடுப்பது வீண் செலவு. ஓர் உயர் பகு எண்ணை அவிழ்த்தால் அடுக்குகள் 2இலிருந்து மேலே போகப் போகக் குறையும் அல்லது சமமாக நிற்கும், ஒருபோதும் ஏறாது. நடுவில் எந்தப் பகா எண்ணும் விட்டுப்போகாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றுதான். அதற்கு விலக்கு 4ம் 36ம் மட்டுமே என்று ராமானுஜன் நிரூபித்திருக்கிறார். 36 என் நோட்டில் இருந்தது. அது விலக்கு என்பது எனக்குத் தெரியாமலே இருபது வருடம் அதை எழுதியிருக்கிறேன்.

இனி இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த பக்கத்துக்கு வருகிறேன். அதன் எண் ஏ000705.

நான் வியாபாரி. எதையும் வரவு, செலவு என்றுதான் பார்ப்பேன். கையில் ஓர் எண் இருக்கிறது. அதை ஏதாவது ஒரு பகா எண்ணால் பெருக்கி வளர்க்க வேண்டும். பெருக்கும்போது எண் எத்தனை மடங்கு பெரிதாகிறதோ அது செலவு. வகுத்திகள் எத்தனை மடங்கு கூடுகின்றனவோ அது வரவு. எந்தப் பகா எண்ணால் பெருக்கினால் செலவுக்கு ஏற்ற வரவு அதிகம்? மடங்குகளை நேரடியாக வகுத்து ஒப்பிட முடியாது, மடக்கை எடுத்து வகுக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய மடக்கை அட்டவணை பரணில் கிடந்தது. இறக்கித் தூசு தட்டினேன்.

ஒன்றிலிருந்து தொடங்கினால் முதலில் 2தான் மலிவு. கையில் 2 இருக்கிறது. இன்னொரு 2 வாங்கினால் வகுத்திகள் ஒன்றரை மடங்கு. செலவு இரண்டு மடங்கு. 0.1761ஐ 0.3010ஆல் வகுத்தால் 0.585. அதற்குப் பதில் 3 வாங்கினால் வகுத்திகள் இரண்டு மடங்கு. செலவு மூன்று மடங்கு. 0.3010ஐ 0.4771ஆல் வகுத்தால் 0.631. ஆகவே 3. கையில் 6. இப்போது இரண்டாவது 2க்கு அதே 0.585, புதிதாக 5 வாங்கினால் 0.431. ஆகவே 2. கையில் 12. அடுத்து 5, கையில் 60. அடுத்து மூன்றாவது 2. கையில் 120, என் பை! அங்கே கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் என் கை தேடிப் பிடித்த எண், பேரம் தவறாத ஒரு கணக்கின் ஐந்தாவது படியில் உட்கார்ந்திருந்தது.

மேலே போனேன். 3, 7, 2. கையில் 5040. பிறகு 11, 13, 2, 3, 5, 17, 19. பதினைந்து படி. அந்தப் பதினைந்தையும், 2, 3, 2, 5, 2, 3, 7, 2, 11, 13, 2, 3, 5, 17, 19 என்று, பெட்டியில் போட்டுத் தேடினேன். வந்தவற்றில் இரண்டு பக்கங்கள் என்னைப் பிடித்து நிறுத்தின. ஒன்று ஏ000705, இன்னொன்று ஏ073751. இரண்டிலும் என் பதினைந்து எண்களும் அப்படியே இருந்தன. பதினாறாவது எண்ணில் பிரிந்தன. ஒன்றில் 2, மற்றதில் 23.

எது சரி? மடக்கை அட்டவணையை மீண்டும் எடுத்தேன். கையில் 6983776800. அதில் ஏற்கெனவே ஐந்து 2 இருக்கிறது. ஆறாவது 2 வாங்கினால் வகுத்திகள் ஆறிலிருந்து ஏழாகும் விகிதத்தில் கூடும்: 0.0669ஐ 0.3010ஆல் வகுத்தால் 0.222 என்று வந்தது. 23 வாங்கினால் 0.3010ஐ 1.3617ஆல் வகுக்க வேண்டும்: 0.221. நான்காவது இலக்கம் வரை இழுத்துப் பார்த்தேன். 0.2224, 0.2211. மயிரிழையில் 2 ஜெயித்தது. ஆகவே என் வரிசை ஏ000705. ராமானுஜன் இந்த வரிசையில் பெருகி வரும் எண்களுக்கு மேன்மையான உயர் பகு எண்கள் என்ற பொருளில் தனிப் பெயர் வைத்திருக்கிறார். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் நடந்த பாதையில் பதினாறு அடி நான் சொந்தமாக நடந்திருக்கிறேன்.

அப்படியானால் அந்த இன்னொரு பக்கம்? அதுவும் சரிதான், ஆனால் அதன் வரவுக் கணக்கு வேறு. எத்தனை வகுத்திகள் என்று பார்க்காமல், வகுத்திகளின் கூட்டுத்தொகை எவ்வளவு என்று பார்க்கிறது. 12க்கு வகுத்திகள் 1, 2, 3, 4, 6, 12, கூட்டினால் 28. அந்தக் கூட்டுத்தொகையை வைத்துப் பேரம் பேசினால் முதல் பதினைந்து படியும் அதேதான், பதினாறாவது படியில் 23 முந்திக்கொள்கிறது. பதினேழாவது படியில் இது 2 வாங்குகிறது, அது 23 வாங்குகிறது, இரண்டும் 321253732800 என்ற ஒரே எண்ணில் மீண்டும் சந்திக்கின்றன. மண்டபத்திலிருந்து வரும்போது சாலைப் பாலமும் ரயில் பாலமும் தனித்தனியே கடலைக் கடந்து இந்தக் கரையில் ஒன்றுசேர்வது என் நினைவுக்கு வந்தது. இந்தக் கூட்டுத்தொகைக் கணக்கும் ராமானுஜன் தொட்டதுதான். 1915இல் கணிதக் கழகத்துக்குப் பணத் தட்டுப்பாடு. அதனால் கட்டுரையின் பிற்பகுதி அச்சாகவில்லை. அது பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் இருவரின் குறிப்புகளோடு வெளியானது 1997இல். அந்த இருவரில் ஒருவர்தான் 1984இல், 5040க்கு மேல் எந்த எண்ணின் வகுத்திக் கூட்டுத்தொகையும் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தொடாது என்று நிரூபித்துவிட்டால், கணிதத்தில் இன்னும் நிரூபிக்கப்படாமல் நிற்கும் ரீமான் கருதுகோள் உண்மையென்று ஆகிவிடும் எனக் காட்டியவர். அதைப் பற்றி மகள் ஒரு மணி நேரம் விளக்கினாள். எனக்குப் பிடிபட்டது, எல்லைக்கல்லாக அங்கேயும் 5040 நிற்கிறது என்பது மட்டும்.

இனி, பயன்படுத்த நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. பக்கங்களில் உள்ள விளக்கங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, சுருக்கமாகவும் இருக்கின்றன. கணக்கு தெரிந்தவர் கணக்கு தெரிந்தவருக்கு எழுதிய குறிப்புகள் அவை, பாடப்புத்தகம் அல்ல. முதல் வாரம் யாராவது பக்கத்தில் இருந்தால் நல்லது. பெரிய எண்களைக் காற்புள்ளி போட்டுப் பிரித்துக் காட்டுவதில்லை. பன்னிரண்டு இலக்க எண்ணை வாசிக்க நான் பென்சிலால் நோட்டில் எழுதி, கோடி, லட்சம் என்று கோடு போட்டுக்கொள்கிறேன். கணிப்பொறி நிரல்களுக்கான பகுதி வந்தால் தள்ளிவிட்டு மேலே போய்விடுங்கள், அது தேவைப்படுகிறவர்களுக்கு. படங்கள், விளம்பரங்கள் எதுவும் குறுக்கே வராததால், எங்கள் பக்கம் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும்போதுகூடப் பக்கம் வந்துவிடுகிறது.

தவற விடக் கூடாதது, பக்கத்தின் அடியில் இருக்கும் ‘இதையும் பார்க்க’ என்ற வரி. சந்தையில் ஒரு கடையில் இல்லாத சாமானுக்கு அடுத்த கடையைக் கைகாட்டுவதுபோல், அது ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புகிறது. உயர் பகு எண்களிலிருந்து ஏ000005க்குப் போனேன். அது ஒவ்வோர் எண்ணுக்கும் வகுத்திகள் எத்தனை என்று சொல்லும் வரிசை. மூன்று லட்சத்து எழுபதாயிரத்தைத் தாண்டிய தொகுப்பில் ஐந்தாவதாக இடம் பிடித்திருக்கிறது, அதற்கு அந்த மரியாதை தகும். அங்கிருந்து ஏ025487க்குப் போனேன். 1, 2, 4, 6, 8, 12, 16, 24, 30 என்று போகும் வரிசை. ஒரே அடுக்கு அமைப்பு உடைய எண்களில் எது மிகச் சிறியதோ அதை மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். 108ம் 72ம் ஒரே அடுக்கு அமைப்பு என்றேன் அல்லவா? இந்த வரிசையில் 72 இருக்கும், 108 இருக்காது. உயர் பகு எண் ஒவ்வொன்றும் இதற்குள் இருக்கும். என் நோட்டை இந்த வரிசையிலிருந்து தொடங்கியிருந்தால் பாதித் தாள் மிச்சமாகியிருக்கும்.

இன்னொன்று, ‘கேட்க’ என்ற பொத்தான். வரிசையின் எண்களைச் சுரங்களாக மாற்றி வாசித்துக் காட்டும். ஏ000705ஐ வாசிக்கவிட்டுச் சோழி கோத்துக்கொண்டிருந்தேன். பகா எண்கள் ஏறிக்கொண்டே போகும், நடுநடுவே திடீரென்று அடிச்சுரத்துக்கு இறங்கி 2 ஒலிக்கும். முதலில் அடிக்கடி, போகப் போக நீண்ட இடைவெளி விட்டு. தங்கூசி நரம்பில் பெரிய சிப்பிகளுக்கு நடுவே சின்ன வெள்ளைச் சோழி வருகிற மாதிரி. அந்த வரிசையை அப்படியே கோத்துப் பார்த்தேன். 2க்குச் சோழி, 3க்கு மஞ்சள் சிப்பி, 5க்கு ஊதா, அதற்கு மேல் ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஒரு பெரிய சிப்பி. பதினேழு உருப்படிகள் கொண்ட அந்தச் சரம் எங்கள் நிலைக்கதவில் தொங்குகிறது. விலைக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை.

தொழிலில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. சில்லறை வேலைக்கு 120 பை. கடைகளுக்கான பெரிய வேலைக்கு 360 பை. ஆடி அமாவாசைக் கூட்டத்துக்கு முன்னால் மொத்தமாக வாங்குவது 5040 சோழி: 42 சின்னப் பை அல்லது 14 பெரிய பை. அந்தச் சமயத்தில் எங்கள் தெருப் பெண்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பேன். ஏழு பேர் வந்தால் ஆளுக்கு 720, எட்டுப் பேர் வந்தால் 630, ஒன்பது பேர் வந்தால் 560, பத்துப் பேர் வந்தால் 504. யாருக்கும் ஒன்று கூட, ஒன்று குறைய என்ற பேச்சே இராது. கூலி போடும்போதும் கணக்கு நேராக வரும்.

இந்த வருடம் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். 504 எண்ணி வைத்துவிட்டேன். தங்கச்சிமடத்திலிருந்து எங்கள் தெருவுக்குப் புதிதாக வாழ வந்திருக்கும் பெண் படலைத் தள்ளிக்கொண்டு வந்து, “அக்கா, எனக்கும் கொஞ்சம் கொடுங்கள்” என்றாள். பத்துக் குவியலையும் கலைத்துப் பாயில் ஒன்றாகச் சேர்த்தேன். ஆளுக்கு 458 எண்ணி வைத்தேன், பாயில் இரண்டு சோழி மிஞ்சின. ஏ000705இல் 5040க்கு அடுத்த படி 11 என்று எனக்குத் தெரியும். அந்தப் படி ஏற வேண்டுமென்றால் 55440 சோழி வேண்டும். இரண்டையும் எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன்.